கிருஷ்ணகிரி வெடிவிபத்து: இடிபாடுகளைப் பற்றி நாம் கேட்காத கேள்வி

2023 ஜூலை 29, சனிக்கிழமை காலை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து ஒன்பது உயிர்கள் போயின. பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. வெடித்தது பட்டாசா, அருகிலிருந்த ஓட்டலின் சிலிண்டரா என்று நாள்கணக்கில் விவாதம் நடந்தது. நிவாரணத் தொகை பற்றியும், குடியிருப்புக்கு நடுவே குடோனுக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்பது பற்றியும் நாம் பேசினோம். இடிபாடுகளை அள்ளும்போது கிளம்பிய தூசியைப் பற்றி நாமும் எழுதவில்லை.

நம் பகுதியில் அந்தக் கேள்வி முக்கியமானது. ஓசூரில் சிப்காட் வந்த 1970-களிலிருந்து ஆலைக் கொட்டகை, லைன் வீடு, கோழிப்பண்ணை, பெட்டிக்கடை என எங்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் மலிவான கூரை. சிமெண்டோடு கல்நார் இழைகளைக் கலந்து வார்ப்பதே இந்த ஷீட். முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைந்தாலோ, அறுத்தாலோ, ஜேசிபி ஏறி நொறுக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நுரையீரலுக்குள் போனவை கரைவதில்லை. நுரையீரல் இறுகும் நோயோ, புற்றுநோயோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து வரும். அதற்குள் பழையபேட்டையில் மண் அள்ளியவர் அதை மறந்தே போயிருப்பார். மருத்துவரும் பீடியைத்தான் காரணம் சொல்வார்.

கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியா 1986 முதல் கல்நார் சுரங்கத்துக்குப் புதிய உரிமம் கொடுப்பதில்லை, ஆனால் இறக்குமதிக்குத் தடையில்லை. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. இலங்கை 2018 முதல் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில், தேயிலையில் வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் கொழும்பு பின்வாங்கிவிட்டது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

நம் உச்ச நீதிமன்றம் 1995-இல், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையில் சேர்ந்தது என்றும், மருத்துவப் பதிவேட்டை 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆலையில் வேலை செய்பவருக்கு அது உதவும். இடிபாடு அள்ள வந்த தினக்கூலிக்கு எந்தப் பதிவேடு? தடை கோரிய மனுவை 2011-இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காஸாவில் 3.9 கோடி டன்னுக்கு மேல் இடிபாடு குவிந்திருப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024 ஜூனில் கணக்கிட்டது. அதில் கல்நாரும் கலந்திருப்பதாக எச்சரித்தது. காஸாவுக்காக துஆ செய்யும் நாம், ஊத்தங்கரையையும் நினைக்க வேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் மழையில் அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. இப்படியொரு பேரிடரில் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கைகொடுப்பவர்கள் நம் மஹல்லா இளைஞர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்து வளர்ந்தவர்கள். உடைந்த ஷீட்டை வெறுங்கையால் அள்ளி, பள்ளம் நிரப்பக் கொட்டினால் தொல்லை அகலாது, வேறு தெருவுக்கு இடம் மாறும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஷீட்டை முதலில் தண்ணீரால் நனைக்க வேண்டும். அடித்து உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கைக்குட்டை கட்டுவது பயன் தராது, எஃப்.எஃப்.பி-3 அல்லது பி-100 தர முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். வேலை செய்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. கணவரின் வேலை உடையைத் துவைத்தே இந்த நோய் வந்த பெண்கள் பல நாடுகளில் உண்டு.

தனியே வைத்ததை எங்கே கொண்டுபோவது? இங்குதான் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். கட்டட இடிபாட்டுக்கு 2016 முதல் தனி விதிகள் உண்டு. பிரித்து வைப்பது உரிமையாளர் பொறுப்பு, இடம் ஒதுக்குவது உள்ளாட்சியின் பொறுப்பு. அபாயக் கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான கிடங்கு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஓசூரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நான்கு உடைந்த ஷீட்டை லாரி வைத்து அங்கே அனுப்ப எந்த ஏழை வீட்டுக்காரரால் முடியும்? ஓசூர் மாநகராட்சியும் கிருஷ்ணகிரி நகராட்சியும் உடைந்த ஷீட்டுகளை வாங்கி வைக்க ஆளுக்கோர் இடம் ஒதுக்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மொத்தமாக அனுப்பினால் செலவு தாங்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜமாஅத் நிர்வாகிகள் இந்த ஒரே கோரிக்கையை மனுவாக எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம்.