ஊரார் நகைப்பும் உள்ளத்தின் உறுதியும்

தோவாளைத் தாலுகாவின் தலைமையூராகிய பூதப்பாண்டியினின்று கிழக்கே சில மைல் தூரஞ் சென்றால் ஆரல்வாய்மொழியை அடையலாம். அவ்விடத்துக் காற்றாடிமலையில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள் தேவசகாயம் என்பார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர் 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்னும் பெயரினர். மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் உத்தியோகத்தில் அமர்ந்தவர். 1741-இல் குளச்சற் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ச் சேனையிற் பணிபுரிந்த டி லனாயிடம் யோபின் சரிதையைக் கேட்டு மனம் மாறினாரென்பர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் விலங்கிடப்பட்டார்.

இவரை எருமையின்மேல் பின்முகமாக இருத்தி ஊர்தோறும் நடத்தினர் என்று கூறுவர். எருமைமேற் செல்வதனால் உடலுக்கு வரும் நோவு சிறிதே. கண்டோர் நகைப்பதன்றோ அத்தண்டனையின் சாரம்! சவுக்குக்கு அடங்காத நெஞ்சமும் நகைப்புக்கு அடங்கும் என்பதை ஆள்வோர் நன்கறிந்திருந்தனர். கெத்செமனேயில் அத்தனை பேருக்கெதிரே பட்டயத்தை உருவிய பேதுரு, அன்றிரவே குளிர்காயுமிடத்தில் ஒரு வேலைக்காரியின் சொல்லுக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்தானன்றோ?

இன்று நமக்கு விலங்குமில்லை, எருமையுமில்லை. ஆயினும் அச்சம் நீங்கிற்றா? விடுதியிற் கண்மூடி ஜெபித்து உண்ணும் நாம், அயலார் பந்தியில் அவசரமாய் இலையில் கைவைக்கிறோம். இது சிறிய குறை. பெரியதொன்றுண்டு. ஈராண்டு நம்மோடு ஒரே மேசையில் உண்ட நண்பனை விடுமுறையில் வீட்டிற்கு அழைக்கத் தயங்குகிறோம். அவன் குலத்தை உறவினர் வினவுவரே என்று கூசுகிறோம். தேவசகாயமோ சாதி பாராது எல்லாரோடும் சமமாய்ப் பழகியவர்; மேற்குலத்தார் சினத்துக்கு அதுவும் ஒரு காரணமென்பர். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது சாதிப்பட்டம் நீங்கிய பெயரே வழங்கப்பட்டது. நாமோ அதனை விடாது சுமக்கிறோம்.

பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ப. ஜீவானந்தம் நம் சமயத்தவரல்லர், பொதுவுடைமையாளர். அவரும் தாம் மெய்யெனக் கொண்டதன் பொருட்டு ஊரார் சொல்லையும் சிறையையும் பொருட்படுத்தினாரில்லை. நித்திய நம்பிக்கையுடையோமென்னும் நாம் சுற்றத்தாரின் முகச்சுளிப்புக்கு நடுங்குவது எவ்வளவு நாணத்தக்கது!

அஞ்சாமையாவது பிறர் சமயத்தை இகழ்தலன்று. வீதியில் நின்று ஆரவாரித்தலுமன்று. அவை பலகால் பிறர் புகழை வேண்டிச் செய்யப்படுவன. ஆதலின் அவையும் ஒருவகை அச்சமே. மெய்யான அஞ்சாமை ஓசையற்றது. ஒருவனுக்குப் பக்கத்தில் அமர்வதில், ஒரு பொய்க்கு உடன்படாதிருப்பதில் அது விளங்கும்.

மாணவச் சகோதர சகோதரிகளே! இவ்விடுமுறையில் ஊர் திரும்புகையில், அழைக்க அஞ்சிய அந்நண்பனை உடனழைத்துச் செல்வோம். நம் வீட்டு முன்கட்டில் அவனுக்கும் நமக்கும் ஒரே பந்தியில் இலை போடப்படட்டும். ஊரார் நகைப்பின் நகைக்கட்டும். அந்நகைப்பு ஒருநாளில் ஓய்ந்துவிடும்.