கடை வாசல் மரமும் நம் கடமையும்

பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று வாசல் மரத்தின் தலையை வெட்டுவதும், அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசுவதும், விளம்பரத் தட்டிகளை ஆணியடித்து மாட்டுவதும் நம் கடைவீதிகளில் வழக்கமாகிவிட்டன. இதனால் நட்டம் நமக்கே என்பதை வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பழியைக் காற்றின் மீது மட்டும் போட முடியாது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு, மூன்று அடி ஆழத்துக்குள் பக்கவாட்டில் பரவுபவை. சிமெண்ட் போட்டு மூடினால் அவற்றுக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. சாக்கடைக்குத் தோண்டும்போது மரத்தைத் தாங்கும் வேரே அறுபடுகிறது.

தலை வெட்டிய இடம் உளுத்துப் போகும். அங்கே கிளம்பும் புதுக் கிளைகளுக்கு உறுதியான பிடிப்பு இராது. அவை பின்னாளில் முறிந்தால் விழுவது நம் கூரை மீதோ, வாடிக்கையாளர் மீதோதான்.

கிளையை அகற்றியே தீர வேண்டுமானால் முதலில் உரிய அனுமதி பெற வேண்டும். பிறகு, கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பைச் சேதப்படுத்தாமல், அதை ஒட்டி வெளிப்புறமாக ரம்பத்தால் அறுக்க வேண்டும். அரிவாளால் கொத்தக் கூடாது. அந்தப் புடைப்புதான் காயத்தைச் சுற்றி வளர்ந்து மூடுகிறது. அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாவது திறந்திருக்கட்டும். ஆணிகளை இன்றே பிடுங்குவோம்.

சித்திரை வெயிலில் வாடிக்கையாளர் வண்டியை நிறுத்துவது நிழலுள்ள கடை முன்னால்தான். அந்த நிழலும் நம் வியாபாரத்துக்கு ஒரு முதல். முதலை அழித்து லாபம் கண்ட வணிகர் உண்டோ?