வியாபார மடலும் வாய்மையும்



மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பாதையோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டார் இறங்குகின்றனர், மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் பார்க்கின்றனர், இரண்டு பக்கெட் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றனர். போனவர் மீண்டும் வாங்க வேண்டுமானால் அவரைத் தேடிப் போவதற்குள்ள இலகுவான வழி மின்னஞ்சல்தான். வீட்டில் கறித்தூள் இடித்தும் உடுப்புத் தைத்தும் விற்கின்ற நம் பெண்களுக்கும் இது உகந்த வழியே. தொலைபேசி இலக்கத்தை அந்நியர் கையில் கொடுக்காமலே கொடுக்கல் வாங்கல் பேசிக்கொள்ளலாம்.

ஆனால், “மடல் அனுப்புகிறோம், ஒருவரும் திறந்து பார்ப்பதில்லையே” என்ற முறைப்பாடு பொதுவாக இருக்கிறது. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

1978ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் கேரி துவெர்க் என்பவர், தமது நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பார்க்க வருமாறு சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அவர்களில் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. முகவரிகள் அளவுக்கு மிஞ்சியதால் மடலின் உள்ளேயும் முகவரிகளே நிரம்பி வழிந்தன. அவருக்கு வியாபாரம் நடந்தது உண்மைதான். ஆனால் கண்டனங்களும் குவிந்தன. கேளாமல் வரும் குப்பை மடல்களுக்கெல்லாம் முன்னோடி என்றே அந்த மடல் இன்றும் பேசப்படுகிறது. இன்று நமக்கு வருகின்ற மடல்களில் பல அத்தகையவையே. ஆகவே மக்கள் திறக்குமுன் இரண்டை மட்டும் பார்க்கின்றனர்: அனுப்பியவர் யார்? விடயம் என்ன?

இந்த ‘விடயம்’ என்ற ஒற்றை வரியில்தான் பலரும் சறுக்குகின்றனர். “உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது” என்று போடுகின்றனர். திறந்தால் சாரி விலைப்பட்டியல். இன்னும் சிலர், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது போல ‘மறுமொழி’ என்று பொய்யாகத் தலைப்பிடுகின்றனர்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவத்தை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மடலின் விடய வரி, குவியலின் மேற்பகுதி போன்றது. மேலே உள்ளதே உள்ளேயும் இருக்கவேண்டும். இது மார்க்கம் மட்டுமல்ல, வியாபார புத்தியும் கூட. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த மடலைத் திறக்கமாட்டார்.

அப்படியானால் எப்படி எழுதுவது? உக்குவளையில் ஒரு சகோதரி கறித்தூள் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “மாபெரும் மலிவு விற்பனை!!!” என்று எழுதாமல், “வறுத்த கறித்தூள்: புதன்கிழமை இடிக்கிறோம்” என்று எழுதட்டும். கைத்தொலைபேசித் திரையில் சில சொற்களே தெரியும். எனவே முக்கியமான சொல் முதலில் வரவேண்டும். அனுப்புபவர் பெயரில் வாடிக்கையாளர் அறிந்த பெயரே இருக்கட்டும். உள்ளே நான்கைந்து வரி போதும்: என்ன பொருள், 250 கிராம் என்ன விலை, தபால் செலவு எவ்வளவு, எந்தத் திகதி கடைசி. முடிவில் ஒரே ஒரு வேண்டுகோள்: “எத்தனை பக்கெட் வேண்டும் என்று இம்மடலுக்கே பதில் எழுதுங்கள்.” ஐந்து வேலை சொன்னால் வாசிப்பவர் ஒன்றையும் செய்யமாட்டார்.

எந்த வரி எடுபடும் என்பதை ஊகித்து அறிவது கடினம். 2012இல் ஒபாமாவின் தேர்தல் குழுவினர், ஒரு மடலுக்குப் பல தலைப்புகளை எழுதி, சிறு சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பரீட்சித்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்பினர். எதிராளி தம்மைவிடக் கூடுதலாகச் செலவிடப்போகிறார் என்ற எளிய தலைப்புள்ள ஒரு மடல் 26 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டித் தந்தது. எது வெல்லும் என்று அக்குழுவினரே முன்கூட்டிச் சொல்ல முடியாமல் தடுமாறியிருக்கின்றனர். உங்களிடம் நாற்பது முகவரிகள் இருந்தால், பத்துப் பேருக்கு ஒரு தலைப்பும் பத்துப் பேருக்கு இன்னொன்றும் அனுப்பிப் பாருங்கள். கூடுதலாகப் பதில் வந்ததை மற்ற இருபது பேருக்கும் அனுப்புங்கள்.

இறுதியாக ஒன்று. பிறர் தந்த முகவரி நம்மிடமுள்ள அமானத். சம்மதம் கேட்டே பட்டியலில் சேருங்கள். நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய செய்திகளுக்குச் சம்மதத்தை வலியுறுத்துகிறது. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் போட்டால், ஒரு பெண்ணின் முகவரி முன்பின் அறியாத நாற்பது பேருக்குப் போய்விடும். ஆகவே மறைநகல் கட்டத்திலேயே போடுங்கள். “வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறோம்” என்ற வரியையும் சேருங்கள். பெருந்தொகையாக வியாபார மடல் அனுப்பும் நிறுவனங்கள் விலகும் வழியைத் தந்தே ஆகவேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 முதல் விதித்துள்ளன. நாற்பது பேருக்கு எழுதும் நமக்கு அந்த விதி இல்லாவிட்டாலும் அந்தப் பண்பு இருக்கவேண்டும்.

நாவால் பேசும் வியாபாரத்தில் பேணும் வாய்மையை, விரலால் எழுதும் வியாபாரத்திலும் பேணுவோம். வல்ல அல்லாஹ் நமது ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக!