மே 1: கிராம சபையை நிரப்புவோம்!

தோழர்களே!

ஊர் ஊராக நிலம் போகிறது. வாய்க்கால் போகிறது. ஏரி போகிறது. மாடு மேய்ந்த மேய்க்கால் போகிறது. நன்செய் என்றிருந்த நிலம் காகிதத்தில் தொழிற்பகுதி ஆகிறது. நெல் காய்ந்த களத்துமேடு வெறும் சர்வே எண் ஆகிறது.

நம்மைக் கேட்டார்களா? கேட்கவில்லை. ஆனால் ‘ஆட்சேபனை ஏதும் வரவில்லை’ என்று எழுதிக்கொள்கிறார்கள். நாம் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அவர்கள் கோப்பில் நம் சம்மதமாக ஏறுகிறது.

மே 1 வருகிறது. உழைப்பாளர் நாள். அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றுங்கள். முழக்கமிடுங்கள். முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நேராகக் கிராம சபைக்கு வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள். தெருவோடு வாருங்கள்.

தோழர்களே, நிலம் எப்படிப் பறிபோகிறது என்று பாருங்கள். புல்டோசர் கடைசியில்தான் வரும். முதலில் வருவது வரைபடம்.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி முழுமைத் திட்டம் போடுகிறார்கள். எது வீடு, எது ஆலை, எது வயல் என்று அதில்தான் நிறம் தீட்டுகிறார்கள். வரைவு வந்ததும் ஆட்சேபனை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். அறிவிப்பு அரசிதழில் வருகிறது. நம் ஊர் டீக்கடைக்கு அரசிதழ் வருகிறதா? இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. நிறம் காய்ந்துவிடுகிறது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள் ஒரே வீச்சில் உள்ளே போயின. இரவு கிராமத்தில் படுத்தவர்கள் காலையில் பெருநகரில் விழித்தார்கள். எத்தனை ஊரில் அன்று பேசினோம்? எத்தனை ஊரில் மனு எழுதினோம்?

சட்டங்களும் நமக்கு எதிராகவே அடுக்கப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் தந்த பாதுகாப்பிலிருந்து விலக்குப் பெற்று, 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் நிற்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால் போதும். உள்ளே ஏரி இருந்தாலும், ஓடை இருந்தாலும், வாய்க்கால் இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க அது வழி திறக்கிறது. ஏரியைக் கொடுத்த பிறகு ஆயக்கட்டு எதற்கு? மடை எதற்கு?

தோழர்களே, ஏகனாபுரத்தைப் பாருங்கள்!

2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 5,700 ஏக்கருக்கும் மேல் கேட்டார்கள். ஏகனாபுரம் அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஊர்களுக்கு நீர் சுமக்கும் கம்பன் கால்வாயும் அதற்குள்தான் ஓடுகிறது. ஏகனாபுரம் அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்த மாதமே 15-ஆம் தேதி கிராம சபையில் கூடாது என்று தீர்மானம் போட்டது. அடுத்த சபையிலும் போட்டது. அதற்கடுத்த சபையிலும் போட்டது. பகலில் வயலில் நின்றவர்கள் பொழுது சாய்ந்ததும் போராட்டத்துக்கு வந்தார்கள். 1,000 நாட்களைத் தாண்டியும் வந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள்.

அவர்கள் களைக்கவில்லை. நாம் ஏன் களைக்கிறோம்? அவர்கள் பயப்படவில்லை. நாம் ஏன் பயப்படுகிறோம்?

மேல்மாவைப் பாருங்கள்! செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடியவர்களில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. உழுகிறவன் குண்டனா? ஊர் கேட்டது. நாடு கேட்டது. சில நாட்களிலேயே 6 பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. கேட்டதால் பெற்றது. கேட்காமல் இருந்திருந்தால்?

‘தீர்மானம் போட்டு என்ன ஆகப்போகிறது?’ என்று நம்மிடம் சொல்வார்கள். புரோக்கர் சொல்வார். அதிகாரி சொல்வார். நம் வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் சொல்வார். பதில் சொல்லுங்கள்!

அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்றார்கள். மேலூர் பக்கத்துக் கிராம சபைகள் அந்த மாதமே எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து!

டெல்டாவைச் சொல்லுங்கள். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் தெருவில் உட்கார்ந்தன. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வரைபடத்தில் பச்சை நிறத்தை மக்கள் தீட்டவைத்தார்கள்!

ஒடிசாவின் நியம்கிரியைச் சொல்லுங்கள். அங்கே பாக்சைட் சுரங்கம் வரலாமா என்று கிராம சபைகளைக் கேள் என்றது 2013-இல் உச்ச நீதிமன்றம். 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் முடியாது என்றன. பாக்சைட் மலை அங்கேயே நிற்கிறது!

தோழர்களே, இந்தச் சபை நம்முடையது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. யாரும் உங்களை நீக்கவும் முடியாது. 2025 ஜனவரியில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஊர் இருக்கும்வரை சபை இருக்கும்.

ஆனால் ஆள் வேண்டும்! 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வேண்டும். 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை என்றால் 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இதுதான் குறைவெண். 49 பேர் வந்தால் சபை இல்லை. சபை இல்லையென்றால் தீர்மானம் இல்லை. வராத அந்த ஒருவர் நீங்களாக இருக்காதீர்கள்!

நிலமில்லாத தோழர்களே, முதலில் நீங்கள் வாருங்கள். இழப்பீடு பேசும்போது பட்டாதாரரைக் கூப்பிடுவார்கள். நாற்று நட்ட கையை யார் கூப்பிட்டார்கள்? குத்தகைக்கு உழுதவரை யார் கூப்பிட்டார்கள்? ஆடு மேய்த்தவரை யார் கூப்பிட்டார்கள்? கிராம சபையில் பத்து ஏக்கர்க்காரருக்கும் ஒரு கைதான். உங்களுக்கும் ஒரு கைதான். அந்தக் கையைத் தூக்குங்கள்.

பெண்களே, நூறு நாள் வேலைக்குப் போகும் தோழர்களே, முன்வரிசையில் உட்காருங்கள். ஊரும் சேரியும் ஒரே பாயில் உட்காரட்டும். நம்மைப் பிரித்துத்தான் நிலத்தைப் பிரிப்பார்கள். ஒருவருக்கு அதிக விலை சொல்வார்கள். இன்னொருவரை மிரட்டுவார்கள். ஒன்றாக உட்காருங்கள். ஒன்றாக எழுந்திருங்கள்.

வெறுங்கையோடு வராதீர்கள். இன்றே சிட்டாவை எடுங்கள். அடங்கலை எடுங்கள். ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால் ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் எழுதுங்கள். எங்கள் ஊர் நிலத்தின் வகையை எங்களைக் கேட்காமல் மாற்றாதே என்று தீர்மானம் எழுதுங்கள். சபையில் சத்தமாகப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தள்ளிவைத்தால் அடுத்த சபையிலும் போடுங்கள். ஆகஸ்ட் 15-இல் போடுங்கள். அக்டோபர் 2-இல் போடுங்கள். நவம்பர் 1-இல் போடுங்கள். ஜனவரி 26-இல் போடுங்கள். மார்ச் 22-இல் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. ஆறு முறையும் போடுங்கள்.

நாம் மௌனமாக இருந்தால் என்ன விலை? நம் பிள்ளைகள் நம் வயலில் எழும்பும் மதிலுக்கு வெளியே வேலை கேட்டு நிற்பார்கள். ஏரி இருந்த ஊரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்போம். ‘அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?’ என்று நம் பிள்ளை கேட்கும்.

இன்றிரவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்துப் பேரிடம் சொல்லுங்கள். பத்துப் பேரையும் அழைத்து வாருங்கள். குறைவெண்ணை நிரப்புவோம். பாயை நிரப்புவோம். தீர்மானப் புத்தகத்தை நம் கையெழுத்தால் நிரப்புவோம்.

மே 1. கிராம சபை. வாருங்கள், தோழர்களே!