சோறும் ரைஸ், அரிசியும் ரைஸ்



போன கிழமை தரம் 4 பிள்ளையொன்றின் உம்மா கொப்பியோடு வந்தார். "டீச்சர், நூறு சொல்லுக்கு இங்கிலீஷிலேயே கருத்துப் பாடமாக்கிக் குடுத்திருக்கன், கேட்டுப் பாருங்க" என்றார்.

"செயார்" என்றேன். "எ பீஸ் ஒப் பர்னிச்சர் போர் வன் பேர்சன்" என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தது பிள்ளை. "பர்னிச்சர் எண்டா என்ன மகள்?" என்று கேட்டேன். உம்மாவின் முகத்தைப் பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

பிழை பிள்ளையில் இல்லை. உம்மாவிலும் இல்லை, அவர் பாடுபட்டிருக்கிறார். பிழை அந்தக் கருத்துகளில். தெரிந்த கதிரைக்குத் தெரியாத சொல்லால் விளக்கம் கொடுப்பது, திறப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது போல.

அகராதி செய்தவர்களுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட், 1935இல் வெளியிட்ட அகராதியில் 1,490 சொற்களை மட்டும் வைத்தே மற்ற எல்லாச் சொற்களையும் விளக்கினார். 1978இல் வந்த லோங்மன் அகராதிக்கும் சுமார் 2,000 சொற்கள் போதுமாக இருந்தன. பெரியவர்களுக்கே அப்படியென்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு?

பொருள் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். செயார்: யூ சிட் ஒன் இட். அம்ப்ரெல்லா: யூ யூஸ் இட் இன் த ரெய்ன். இந்த வசனத்தைப் பிள்ளை நாளைக்குத் தானே பேசும்.

சில சொற்களுக்குத் தமிழ்தான் நல்ல வழி. கடையில் அரிசி, பீங்கானில் சோறு. இரண்டுக்கும் பிள்ளை கேட்கப்போவது ரைஸ் என்ற ஒரே சொல். சாச்சியும் ஆன்ட், மாமியும் ஆன்ட். மறுபக்கம், இரவல் என்ற நம் ஒரு சொல்லுக்கு அங்கே இரண்டு: கொடுத்தால் லெண்ட், வாங்கினால் பொரோ. ஒரு பென்சிலைக் கைமாற்றிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கும். பாடமாக்கினால் தரம் 11 வரைக்கும் குழம்பும். அப்படிக் குழம்புகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

"இவ்வளவு லேசான இங்கிலீஷ் போதுமா?" என்று கேட்பீர்கள். தரம் 1, 2இல் பாடத்திட்டமே விளையாட்டும் பேச்சுமாகத்தான் ஆங்கிலத்தைத் தொடங்குகிறது. தரம் 3இல்தான் முறையான பாடம். அவசரம் நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

இன்றிரவு சோறு சாப்பிடும்போது கோப்பையைக் காட்டி, "இதால என்ன செய்வம்?" என்று கேளுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் பதில் வந்தாலும் சிரிக்காதீர்கள், திருத்தவும் அவசரப்படாதீர்கள். வாய் திறந்த பிள்ளையைத் திருத்தலாம். பயந்து மூடிய வாயைத் திறக்க வைக்க, எங்களுக்கு வருடங்கள் ஆகின்றன.