கொடியும் கடனும்

1976-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் நடந்தது. நட்டமே வராது என்று அடித்துச் சொன்னவர் மேயர் ழான் திராப்போ. பிரெஞ்சில் 'திராப்போ' என்றால் கொடி. கொடி ஏறியது, கடனும் ஏறியது. அதை அடைக்கப் புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். 1980-இல் விசாரணைக் கமிஷன் மேயரைத்தான் குறை சொன்னது. அவரோ 1986 வரை மேயராகவே இருந்தார்.

மைதானத்தில் ஆடிவந்த எக்ஸ்போஸ் பேஸ்பால் அணியின் கதை இன்னும் வேடிக்கை. முதலாளி 2002-இல் அணியை லீக்கிடமே 12 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, புளோரிடா அணியை வாங்கிக்கொண்டார். 2004-ஓடு எக்ஸ்போஸும் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. மைதானக் கடன் தீர்ந்ததோ 2006-இல்தான். அணி போன பிறகும் கடன் ஊர்மக்கள் தலையில்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நம் சர்க்கார் ஆபீசில் ஒரு மேஜை வாங்கினாலும், கையெழுத்துப் போட்ட குமாஸ்தா ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். கோடிகளுக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை? பொதுப்பணத்தில் மைதானம் கட்டினால், அதில் ஆடும் அணியின் முதலாளியும் எழுதிக் கொடுக்கட்டும்: கடன் தீரும்வரை அணி ஊரைவிட்டு நகராது, விற்றால் லாபத்தில் ஊருக்கும் பங்கு உண்டு. கையெழுத்துப் போட மறுத்தால், சொந்தக் காசில் கட்டிக்கொள்ளட்டும்.