மஞ்சள் பெயின்ட் அடித்தால் சோதனை ரயில் ஆகிவிடுமா?



ஃபைனல் இயர் வந்துவிட்டால் கேன்டீனில் கேட்கிற முதல் கேள்வி, "மச்சி, ப்ராஜெக்ட் எங்கடா வாங்கினே?" கவனித்தீர்களா? "என்ன செஞ்சே" என்று யாரும் கேட்பதில்லை. பணம் கொடுத்தால் மாடலும் ரிப்போர்ட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மேலே அடிக்கிற பெயின்ட் மட்டும்தான் நம்முடையது. இந்தப் பழக்கத்துக்கு எதிராக ஒரு பொம்மை ரயிலைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

மாடல் ரயில் பிரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பயணிகள் பெட்டி மாடல்களை வாங்கி, பெயின்டைச் சுரண்டி, மஞ்சள் அடித்துச் சோதனை ரயிலாக மாற்றுவார்கள். இங்கிலாந்தில் 2003-ல் பழைய இன்டர்சிட்டி 125 வண்டி ஒன்றை மஞ்சள் நிறத்தில் தண்டவாளம் அளக்கும் ரயிலாக மாற்றினார்கள். ஜப்பானில் ஷிங்கான்சென் பாதையை அளந்த மஞ்சள் ரயிலுக்கு 'டாக்டர் யெல்லோ' என்றே பெயர். அவற்றின் மாடல்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் பெரும்பாலும் உள்ளே காலி! டாக்டர் இருக்கிறார், ஸ்டெதாஸ்கோப் இல்லை.

நிஜத்தில் என்ன நடக்கிறது? பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த 'ட்ரெயின் 18' 2018 டிசம்பரில் கோட்டா – சவாய் மாதோபூர் பாதையில் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இப்படிப்பட்ட சோதனைகளில் பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றுவார்கள். பெட்டியின் தரையில், போகிக்கு மேலே, அதிர்வை அளக்கும் கருவி இருக்கும். மேலும் கீழும் எவ்வளவு குதிக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அது வரைந்துகொண்டே போகும். 2022 ஆகஸ்டில் வந்தே பாரத் சோதனையின்போது ஜன்னலோரம் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அது சிந்தாததை வீடியோவில் காட்டினார்கள். அந்த டம்ளரும் ஒரு கருவிதானே! ஆக, சோதனை ரயிலின் உயிர் அளவெடுப்பதில் இருக்கிறது, கலரில் இல்லை.

இதை நம்மால் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். ஹெச்.ஓ. அளவு என்றால் 87-ல் ஒரு பங்கு. ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், மாடலில் 24.5 சென்டிமீட்டர். அகலம் 37 மில்லிமீட்டர். நாணயம் அளவு அதிர்வு சென்சாரும் சின்ன வைஃபை போர்டும் உள்ளே அடங்கிவிடும். சென்சாரைக் கூரையில் ஒட்டாதீர்கள். தரையில், போகிக்கு மேலே திருகுங்கள். பேட்டரி நடுவிலும் தாழ்வாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் வளைவில் வண்டி சாயும். பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி உலோகச் சக்கரம் போடுங்கள். ஒவ்வொரு அச்சிலும் இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல இருக்கிறதா என்று வெர்னியரில் பாருங்கள். சக்கரம் கோணலாக இருந்தால் பழி தண்டவாளத்தின் மேல் விழும்! பெயின்ட் கடைசி வேலை. பழைய சிவப்பின் மேல் நேரே மஞ்சள் அடித்தால் அழுக்காகத்தான் தெரியும். முதலில் வெள்ளை பிரைமர், பிறகு மெல்லிசாக இரண்டு மூன்று கோட்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 180 கிலோமீட்டர் வேகம் என்பது மாடலில் நொடிக்கு 57 சென்டிமீட்டர். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். மீட்டர்கேஜுக்கு 11.5. ரெண்டுக்கும் பொருந்தாது! இந்தக் குறையை மறைக்காமல் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கடையில் வாங்கிய ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததுண்டா?

இன்னொரு விஷயம். புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடலாமா என்று சோதித்து அனுமதி தருபவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். போட்டவனே பாஸ் மார்க் போடக்கூடாது என்பதுதான் தத்துவம். நாமும் அப்படியே செய்யலாம். சிவில் நண்பர்கள் பாதை போடட்டும். ஏதோ ஒரு இணைப்பின் அடியில் ஒரே ஒரு ஜெராக்ஸ் பேப்பரை ரகசியமாகச் செருகட்டும். பேப்பரின் கனம் 0.1 மில்லிமீட்டர், நிஜப் பாதையில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் மேடு. எங்கே என்று மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பத்து முறை ஓட்டி, பத்து முறையும் அதே இடத்தில் கோடு குதித்தால் அது சோதனை ரயில். குதிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏன் குதிக்கவில்லை என்று தேடுவதுதான் படிப்பு.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எதற்கு என்கிறீர்களா? மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பாதை 1926-ல் திறந்து, 1986-ல் மூடப்பட்டது. நம்மில் யாரும் தரங்கம்பாடி ஸ்டேஷனில் ரயில் ஏறியதில்லை. பக்கத்தில் பேரளம் – காரைக்கால் புதிய பாதையில் 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. நமக்கும் பாதை வேண்டும் என்று ஊர் மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டெல்டா களிமண், மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும். இந்த மண்ணில் போடுகிற பாதையை அடிக்கடி அளந்து பார்த்தே தீர வேண்டும்.

தரங்கம்பாடிக்கு ரயில் திரும்பினால், முதலில் வருவது பயணிகள் ரயில் அல்ல, சோதனை ரயில்தான். அன்று நாம் மாலையோடு பிளாட்பாரத்தில் நிற்கப் போகிறோமா, அல்லது பெட்டிக்குள் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களாக உட்காரப் போகிறோமா? கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் பிளாட்பாரம் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும்.

யோசிப்போம் நண்பர்களே! பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுப்போம்!